சிறிய வணிக இடத்துக்குச் சுவர் ஏசி தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடைக்கோ, கிளினிக்குக்கோ, சிறிய அலுவலகத்துக்கோ ஏசி வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை சதுர அடி?" என்பதுதான். அந்த ஓர் எண்ணை வைத்தே ஒரு டன், ஒன்றரை டன், இரண்டு டன் என்று முடிவாகிவிடுகிறது. படுக்கையறைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விதமாகப் பயன்படுவதால் வீட்டுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். வணிக இடத்துக்குப் பொருந்தாது. ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில் ஒன்றில் கணக்காளர் அலுவலகமும் மற்றொன்றில் அழகு நிலையமும் நடந்தால், இரண்டாவதற்குத் தேவைப்படும் குளிர்ச்சி முதலாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கலாம். ஆகவே இந்த வழிகாட்டி பிராண்டில் தொடங்காமல், இடத்திலும் அங்கே நடக்கும் தொழிலிலும் தொடங்குகிறது.

படி 1: சுவர் ஏசி உங்கள் இடத்துக்கு ஏற்றதா?

டக்ட் இல்லாத சுவர் ஏசி, அதாவது ஸ்ப்ளிட் ஏசி, சுவரில் மாட்டும் இன்டோர் யூனிட், வெளியே வைக்கும் அவுட்டோர் யூனிட், இரண்டையும் இணைக்கும் செம்புக் குழாய் ஆகியவற்றால் ஆனது. காற்றைக் கொண்டுசெல்லும் பெரிய தகரக் குழாய்கள் தேவையில்லை என்பதால் செலவும் குறைவு, வாடகை இடத்தில் உடைக்க வேண்டியதும் குறைவு. ஆனால் காற்று ஒரே பக்கத்திலிருந்துதான் வீசும். அறை நீளமாக இருந்தாலோ, நடுவில் உயரமான அலமாரிகளோ கண்ணாடித் தடுப்புகளோ இருந்தாலோ, யூனிட்டுக்கு நேர் கீழே இருப்பவர் போர்வை தேடும் வேளையில் கடைசி மேசைக்காரர் வியர்த்துக்கொண்டிருப்பார். ஏறத்தாழ எட்டு மீட்டரைத் தாண்டும் அறையில் ஒற்றைச் சுவர் யூனிட்டை நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு யூனிட்டுகள் வைக்கலாம். அல்லது கூரையின் நடுவிலிருந்து நான்கு பக்கமும் காற்று விடும் கேசட் வகையைப் பார்க்கலாம்.

இன்னொரு குறைபாட்டை விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சாதாரணச் சுவர் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைத்து விடும். மூடிய அறையில் ஏழெட்டுப் பேர் நாள் முழுதும் உட்கார்ந்தால் கரியமில வாயு சேர்ந்து, மதியத்துக்குள் தலைபாரமும் தூக்கமும் வரும். அதற்கான ஏற்பாட்டையும் குளிர்ச்சிக் கணக்கோடு சேர்த்தே செய்ய வேண்டும்.

படி 2: அவுட்டோர் யூனிட்டும் டிரெய்ன் குழாயும் எங்கே போகும்?

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள்தான் பிறகு அதிகம் சிரமப்படுகிறார்கள். மாடல் பிடித்து, பணமும் கட்டி, மாட்ட வருகிறவர் வந்த பிறகு "வெளியே வைக்க இடமில்லையே" என்று தெரியவந்தால், கடைசியில் அவுட்டோர் யூனிட் ஏதோ ஒரு குறுகிய சந்துக்குள் திணிக்கப்படும். அங்கே அது தான் வெளியேற்றிய சூடான காற்றையே மீண்டும் உறிஞ்சும். குளிர்ச்சி குறையும், மின்சாரம் கூடும், கோடையின் உச்சத்தில் கம்ப்ரஸர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடவும் செய்யும். எனவே காற்று தடையின்றி வந்து போகும் இடம், சர்வீஸ் செய்பவர் பத்திரமாக நின்று வேலை செய்யும் வசதி, கீழே போகிறவர்கள்மீது வெப்பக் காற்று அடிக்காத உயரம், அண்டை வீட்டுச் சன்னலுக்கு நேரே சத்தம் போகாத திசை ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். வாடகை இடமானால் சுவரில் துளையிடவும் வெளிச்சுவரில் தாங்கி அடிக்கவும் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு யூனிட்டுகளுக்கும் இடையே உள்ள குழாயின் நீளத்துக்கும் உயர வேறுபாட்டுக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. தொழிற்சாலையில் நிரப்பிய கேஸ், அதாவது குழாய்க்குள் சுற்றி வெப்பத்தை வெளியே கடத்தும் பொருள், குறிப்பிட்ட சில மீட்டர் நீளத்துக்கே போதும்; அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் எவ்வளவு கேஸ் சேர்க்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். உங்கள் இடத்தில் குழாய் எவ்வளவு நீளம் ஓடும் என்பதை நூல் பிடித்து அளந்து வைத்துக்கொண்டால், பல மாடல்கள் அப்போதே கழிந்துவிடும்.

டிரெய்ன் குழாய் இதைவிட எளிதாகத் தோன்றும். ஆனால் அதிகப் புகார்கள் வருவது அதில்தான். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை வெளியேற்றக்கூடும். அந்தத் தண்ணீர் சரிவில் தானாக ஓட வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருப்பது நல்லது. வெளிச்சுவர் எதுவும் இல்லாத நடு அறையானால் தண்ணீரை ஏற்றி வெளியேற்றும் சிறிய பம்ப் தேவைப்படும்; அது பழுதாகும்போது தண்ணீர் நேரே கீழே இருக்கும் சரக்கின்மீதோ கணினியின்மீதோ விழும். முடிந்தவரை பம்ப் தேவைப்படாத சுவரையே இன்டோர் யூனிட்டுக்குத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: வெப்பக் கணக்கு

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது ஏறத்தாழ 3,517 வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் அறைக்குள் எத்தனை வாட் வெப்பம் சேர்கிறது என்பதே. அது பல வழிகளில் வருகிறது. உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் உடலிலிருந்து வெப்பமாகவும் ஈரமாகவும் சேர்த்து ஏறக்குறைய 125 வாட் வெளிவிடுகிறார். அறைக்குள் ஓடும் கருவிகள் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. வெயில் படும் கண்ணாடி, வெளிச்சுவர், மேல் தளமானால் கூரை, வெளியிலிருந்து நுழையும் காற்று ஆகியவை மற்றவை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆறு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள 30 சதுர மீட்டர் அறை. மேலும் கீழும் குளிரூட்டப்பட்ட தளங்கள். மேற்குப் பக்கம் ஆறு சதுர மீட்டர் கண்ணாடி, உள்ளே திரை. அலுவலகமாக இருந்தால் ஆறு பேருக்கு 750 வாட், ஆறு கணினிகளுக்கு 600 வாட், விளக்குகளுக்கு 240 வாட். மாலை வெயில் கண்ணாடி வழியாகத் தருவது சதுர மீட்டருக்கு 300 வாட் என்று கொண்டால் 1,800 வாட். வெளிச்சுவர் வழியாக 400 வாட். புதிய காற்றுக்கு ஒருவருக்கு வினாடிக்கு 2.5 லிட்டரும், தரையில் சதுர மீட்டருக்கு 0.3 லிட்டரும் என்று அலுவலகங்களுக்குப் பரவலாகக் கையாளும் அளவை எடுத்தால் மொத்தம் 24 லிட்டர். வெளியே 35 டிகிரியும் பாதி ஈரப்பதமும் இருக்கும்போது அதைக் குளிரவைக்க 850 வாட் வேண்டும். எல்லாம் சேர்த்து 4,640 வாட், அதாவது 1.3 டன்.

இதே அறையில் அழகு நிலையம் நடக்கட்டும். பணியாளர்களும் வாடிக்கையாளர்களுமாகப் பத்துப் பேருக்கு 1,250 வாட். 1,500 வாட் முடி உலர்த்திகள் இரண்டு ஒரே வேளையில் ஓடினால் 3,000 வாட். சாயமும் ரசாயன வாடையும் இருப்பதால் புதிய காற்றை இரு மடங்காக வைத்தாலே 1,700 வாட். உண்மையில் அதற்கும் மேல் தேவைப்படலாம். கண்ணாடி, சுவர், விளக்கு மாறவில்லை. கூட்டினால் 8,390 வாட், ஏறத்தாழ 2.4 டன். சதுர அடி ஒன்றுதான்; ஆனால் முதல் அறைக்கு ஒன்றரை டன் போதும், இரண்டாவதற்கு இரண்டு டன்னும் போதாது.

உங்கள் கணக்கில் தவறாமல் சேர்க்க வேண்டிய சில உள்ளன. குளிர்பானங்கள் வைக்கும் கண்ணாடிக் குளிர்பெட்டி தன் பின்புறத்தில் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது. உள்ளே குளிர்ந்திருப்பதால் அது அறையையும் குளிர்விக்கும் என்று நினைப்பது தவறு. வாசல் கதவு நாள் முழுதும் திறந்து மூடும் கடையில், கதவு தானாக மூடும் அமைப்போ, வாசலுக்கு மேலிருந்து காற்றை வீசித் தடுக்கும் காற்றுத் திரையோ இல்லாவிட்டால் எத்தனை டன் வைத்தாலும் வாசலருகே குளிர்ச்சி நிற்காது. வெயிலில் காயும் கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கும் அறையில் கூரை மட்டுமே பல நூறு வாட் சேர்க்கும். அங்கே கூடுதல் டன்னுக்குச் செலவிடுவதற்கு முன் கூரைக்கு வெப்பத்தடுப்போ வெள்ளைப் பூச்சோ செய்வது, மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் நிழல் அமைப்பது ஆகியவற்றைப் பற்றி யோசியுங்கள். உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே விழும் நிழலே வெப்பத்தை அதிகம் தடுக்கும், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே அது நின்றுவிடுகிறது.

கணக்குப் போட்ட பிறகு "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு படி பெரியதாக வாங்கும் பழக்கம் பரவலாக உண்டு. சிறிதளவு கூடுதல் நல்லதே. ஆனால் தேவையைவிட மிகப் பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும்; காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க நேரம் கிடைக்காது. விளைவாக அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருக்கும். புத்தகம், துணி, மருந்து வைக்கும் இடங்களில் இது வெறும் அசௌகரியத்தோடு நிற்காது, சரக்கையே கெடுக்கும்.

படி 4: புதிய காற்றுக்கு வழி

மிக எளிய வழி ஓர் எக்ஸாஸ்ட் விசிறியும், எதிர்ப்பக்கத்தில் காற்று நுழைய வடிகட்டி பொருத்திய ஒரு துளையும். வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டு உள்ளே வரும் காற்றை ஓரளவு குளிர்விக்கும் வெப்ப மீட்புக் கருவிகளும் உண்டு. ஆரம்பச் செலவு கூடுதல் என்றாலும் வெளியே வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அவை மின்சாரத்தை மிச்சப்படுத்தும். விசிறியைத் தேவைக்கு மேல் பெரியதாக வைத்தால் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றே வெளியே போகும் என்பதால், முந்தைய படியில் வந்த லிட்டர் கணக்கை ஒட்டியே அளவை முடிவு செய்யுங்கள்.

படி 5: ஒன்று பெரியதா, இரண்டு சிறியவையா?

இரண்டு டன்னுக்கு மேல் தேவை என்று வந்தால் நான் பெரும்பாலும் இரண்டு சிறிய யூனிட்டுகளின் பக்கமே சாய்வேன். ஒன்று பழுதானாலும் கடையைப் பூட்ட வேண்டியதில்லை. காலையில் கூட்டம் இல்லாதபோது ஒன்றை மட்டும் ஓட்டலாம். காற்றும் அறை முழுதும் சமமாகப் பரவும். எதிர்வாதமும் உண்டு: இரண்டு அவுட்டோர் யூனிட்டுகளுக்கு இடம், இரண்டு மின்கம்பித் தடங்கள், இரட்டைச் சர்வீஸ் செலவு. வெளியே ஒரே ஒரு யூனிட்டுக்குத்தான் இடம் என்றால், ஓர் அவுட்டோர் யூனிட்டோடு பல இன்டோர் யூனிட்டுகளை இணைக்கும் மல்டி ஸ்ப்ளிட்டைப் பார்க்கலாம். மருத்துவரின் ஆலோசனை அறையும் காத்திருப்பு அறையும் தனித்தனி வெப்பநிலையில் இருக்க வேண்டிய கிளினிக்குக்கு அது பொருத்தம். ஆனால் அந்த ஒரே கம்ப்ரஸர் நின்றால் எல்லா அறைகளும் நிற்கும்.

படி 6: தொழில்நுட்ப அட்டையைப் படித்தல்

இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. பழைய நிலைவேக வகை முழு வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். நாளில் எட்டுப் பத்து மணி நேரம் ஓடுவதும், ஆட்களின் எண்ணிக்கை மணிக்கு மணி மாறுவதுமான வணிக இடத்துக்கு இன்வெர்ட்டரே சரி. இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அட்டையில் குறைந்தபட்சத் திறன், மதிப்பிட்ட திறன், அதிகபட்சத் திறன் என மூன்று எண்கள் இருக்கும். குறைந்தபட்சத் திறன் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு ஆட்கள் இல்லாத நேரத்தில் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடாமல் சீராக ஓடும்.

பலரும் கவனிக்காத ஒரு செய்தி இது. பெரும்பாலான நாடுகளில் கையாளும் சர்வதேசச் சோதனை முறைப்படி, அட்டையில் அச்சிட்டிருக்கும் டன் என்பது வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெளியே வெப்பம் ஏற ஏற, உங்களுக்கு அதிகக் குளிர்ச்சி தேவைப்படும் அதே வேளையில், ஏசியின் திறன் குறைகிறது. உங்கள் இடத்தில் கோடையில் 40 டிகிரிக்கு மேல் போவது வழக்கமானால், 46 டிகிரியில் கிடைக்கும் திறன் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அந்த அட்டவணையை வைத்திருப்பார்கள்.

மின்திறன் எண், எத்தனை வாட் குளிர்ச்சிக்கு ஒரு வாட் மின்சாரம் செலவாகிறது என்பதைச் சொல்வது. பருவம் முழுவதற்குமான சராசரி எண்ணையே ஒப்பிடுங்கள். ஆனால் அதைக் கணக்கிடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஒரே முறையில் அளந்த மாடல்களை மட்டும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். 5.2 கிலோவாட் யூனிட் ஆண்டுக்கு 3,000 மணி நேரம், சராசரியாக அறுபது விழுக்காட்டுச் சுமையில் ஓடினால் 9,360 கிலோவாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மின்திறன் எண் 3 ஆனால் அதற்கு 3,120 யூனிட் மின்சாரம், 4 ஆனால் 2,340 யூனிட். இந்த 780 யூனிட் வேறுபாட்டை உங்கள் வணிக மின்கட்டணத்தால் பெருக்கினால், விலை கூடிய மாடல் எத்தனை ஆண்டில் ஈடுகட்டும் என்பது தெரிந்துவிடும்.

சத்தத்தையும் பாருங்கள். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தோன்றும். துணிக்கடைக்கு இது பொருட்டில்லை. ஆலோசனை அறைக்கும் பாட வகுப்புக்கும் பெரிய வேறுபாடு.

படி 7: கேஸும் காயிலும்

இன்று புதிய சுவர் ஏசிகளில் பரவலாக இருப்பது ஆர்-32. புவி வெப்பமாக்கும் ஆற்றலில், கரியமில வாயுவை 1 என்று கொண்டால், அதன் எண் 675. அதற்கு முன் பரவியிருந்த ஆர்-410ஏ கேஸின் எண் 2,088. 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்பாட்டுக்குப் பிறகு உலகெங்கும் இத்தகைய கேஸ்களின் அளவு படிப்படியாகக் குறைக்கப்படுவதால், மிகுந்த எண் கொண்ட கேஸ் உள்ள பழைய இருப்பைத் தள்ளுபடிக்காக வாங்கினால் பிற்காலத்தில் கேஸ் நிரப்புவது கடினமாகலாம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 உள்ள பழைய யூனிட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும் தன்மை கொண்டது. ஆர்-290 என்னும் புரோப்பேன் எளிதில் தீப்பற்றும். எனவே இவற்றுக்குக் கையேட்டில் குறைந்தபட்ச அறைப் பரப்பு கொடுத்திருப்பார்கள். மிகச் சிறிய அறைக்கு வாங்கும்போது அதைச் சரிபாருங்கள்.

கடலோரமானால் உப்புக் காற்றைத் தாங்கும் பூச்சு உள்ள காயிலை, அதாவது வெப்பத்தைக் கடத்தும் மெல்லிய தகடுகள் பொருத்திய குழாய்ச் சுருளை, கேட்டு வாங்குங்கள். பசை, வார்னிஷ், முடிச் சாயம் போன்றவற்றின் ஆவி நிறைந்த இடங்களில் செம்புக் குழாயிலும் நுண்துளைகள் விழக்கூடும். அங்கே உத்தரவாதம் பொருந்துமா என்பதைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

படி 8: மின்சாரமும் உத்தரவாதமும்

ஒவ்வொரு யூனிட்டுக்கும் மின் பலகையிலிருந்து தனித் தடமும், மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் எம்சிபி கையேடு சொல்லும் அளவிலும், நல்ல எர்த்தும் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பிளக்கில் செருகிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடமானால், மாடல் தாங்கும் அழுத்த எல்லையைப் பார்த்த பிறகே ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். மின்சாரம் போய் வந்ததும் தானாக முந்தைய நிலையிலேயே தொடங்கும் வசதி, இரவில் ஆளில்லாமல் குளிர்ச்சி தேவைப்படும் மருந்துக் கிடங்குக்கும் சர்வர் அறைக்கும் இன்றியமையாதது.

உத்தரவாத அட்டையில் "வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றோ, வணிகப் பயன்பாட்டுக்குக் காலம் குறைவு என்றோ சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் எலக்ட்ரானிக் போர்டுக்கு எவ்வளவு என்பதே கேட்க வேண்டியது. இன்வெர்ட்டர் ஏசியில் செலவு வைக்கும் பழுதுகளில் போர்டு முக்கியமானது.

படி 9: மாட்டும் நாளில் உடன் இருங்கள்

நல்ல மாடலையும் மோசமான பொருத்துகை கெடுத்துவிடும். இன்டோர் யூனிட்டின் மேலே கையேடு சொல்லும் இடைவெளி இருக்க வேண்டும். அழகுக்காக ஃபால்ஸ் சீலிங்கோடு ஒட்டி மாட்டினால் காற்று உள்ளே இழுபடாது. காற்று நேரே ஒருவரின் கழுத்தில் விழாத திசையையும், கீழே விலை கூடிய சரக்கு இல்லாத இடத்தையும் தேர்ந்தெடுங்கள்.

குழாய் இணைத்த பிறகு நைட்ரஜனால் அழுத்தச் சோதனையும், அடுத்து வேக்யூம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவதும் நடக்க வேண்டும். சிலர் பம்ப் கொண்டுவராமல், யூனிட்டிலிருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவார்கள். தீப்பற்றும் கேஸில் அது ஆபத்து. உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயையும் கெடுக்கும். குழாய்க்குள் மிஞ்சும் அழுத்தத்தை மைக்ரான் என்ற அலகில் காட்டும் வேக்யூம் மீட்டரில் எண் 500-க்குக் கீழே இறங்கும்வரை பம்ப் ஓடட்டும்; நிறுத்திய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் அந்த எண் ஏறாமல் நிற்கிறதா என்று அருகே நின்று பாருங்கள். விடாமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது. ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

டிரெய்னைச் சோதிக்க முன்மூடியைக் கழற்றச் சொல்லி, காயிலுக்குக் கீழே உள்ள தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். தட்டில் தேங்காமல், வெளியே குழாய் முனையில் உடனே கொட்ட வேண்டும். பிறகு ஏசியை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளியே விடும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வேறுபாடு பொதுவாக நல்ல அறிகுறி. ஈரம் மிகுந்த நாளில் இது சற்றுக் குறையலாம்.

சேர்த்த கேஸின் அளவு, குழாயின் நீளம், வேக்யூம் எண், இரு யூனிட்டுகளின் வரிசை எண்கள் ஆகியவற்றை மாட்டியவரின் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கி, உத்தரவாத அட்டையோடு வையுங்கள். ஃபில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்பதையும் அன்றே யாராவது ஒரு பணியாளரின் பொறுப்பாக்கிவிடுங்கள்: சாதாரண அலுவலகத்தில் மாதம் ஒருமுறை போதும், தலைமுடியும் பவுடரும் பறக்கும் அழகு நிலையத்திலோ பஞ்சு பறக்கும் தையல் கடையிலோ வாரம் ஒருமுறை வேண்டும்.